தராசில் ஏறும் பெட்டி: முதல் தடவை வெளிநாடு போகும் வடசென்னைக்காரர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கூரியர் புக்கிங், கார்கோ பேக்கிங். வாசலில் ஒரு எலக்ட்ரானிக் தராசு. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஏர்போர்ட்டில் எல்லார் முன்னாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று முந்தின நாள் சாயங்காலமே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எடை பார்க்கக் காசு வாங்குவதில்லை. கிலோ அதிகமாக இருந்தால் பெட்டி தரையில் பிரியும். எதை எடுப்பது, எதை விடுவது என்று குடும்பத்துக்குள் பஞ்சாயத்து நடக்கும். அதை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குக் கூலி.

போன மாதம் தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் அவன் அம்மாவோடு வந்தான். அபுதாபியில் ஏசி டெக்னீஷியன் வேலை, முதல் பயணம். 30 கிலோ அனுமதி. தராசு 34.6 காட்டியது. பிரித்தோம். இட்லிப்பொடி ஒரு கிலோ, பருப்புப்பொடி, குழம்புத்தூள் இரண்டு கிலோ, வஞ்சிரக் கருவாடு பேப்பரில் சுற்றி அதற்கு மேல் மூன்று கவர், மூன்று லிட்டர் குக்கர், அதற்கு ஸ்பேர் கேஸ்கட் இரண்டு, லுங்கி நாலு, தலைவலித் தைலம் அரை டஜன், பெரியபாளையத்து விபூதி, ஒரு தினசரி காலண்டர். துணிமணி எட்டு கிலோகூடத் தேறாது. மீதி எல்லாம் அங்கே கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது என்று அம்மா நினைத்துக் கட்டியவை.

அம்மா குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த நேரத்தில் பையன் கேட்டான்: “ண்ணா, நீங்க ஒம்பது வருஷம் துபாய்ல இருந்துட்டு வந்தவரு. அங்க போய் சைடுல இன்னா பிஸ்னஸ் பண்லாம்?”

“தரையில பரத்தி வெச்சிருக்க பாரு, அதைப் பாரு” என்றேன்.

அவன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை, புரிந்துகொண்டார். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் ஜெபல் அலி பக்கம் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவன். பெரிய முதலாளி ஆகவில்லை. ஆனால் இந்தக் கடைக்கான யோசனை அங்கே பார்த்த ஒரு விஷயத்திலிருந்துதான் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளம்பும் முன்னால் ஊருக்குள் ஒரு சுற்று

வெளியிலிருந்து வந்தவன் கண்ணுக்கு வியாபாரம் எப்படித் தெரிகிறது என்று படிக்க விமானம் ஏற வேண்டியதில்லை. நம்ம பக்கமே அப்படி வந்தவர்கள் கட்டின கடைவீதிதான். பாரிமுனை என்கிறோமே, அந்தப் பாரி 1788-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து இங்கே வந்து இறங்கின வியாபாரி. ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெருவை நம் ஆட்கள் வாய்க்கு வசதியாக அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். அங்கே 1772-ல் அவர்கள் கட்டின தேவாலயம் இன்னும் நிற்கிறது. சௌகார்பேட்டையில் மார்வாடிகள், குஜராத்திகள். மண்ணடியில் கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்கள். யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை.

நான் முதலில் அனுப்புவது பீச் ஸ்டேஷன் பக்கம், பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடைகளுக்கு. 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருந்த நம் ஆட்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். நிறையப் பேர் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேறினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் பர்மா பஜார் வந்தது. அத்தோவும் அவர்களோடு வந்ததுதான்.

ஒருநாள் சாயங்காலம் போய் அந்தத் தள்ளுவண்டி பக்கத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை எடுத்து, முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கின பேஜோ (மொறுமொறு வறுவல்) எல்லாம் போட்டு கையாலேயே பிசைவார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். சாப்பிடுகிறவர்கள் யார் என்று எண்ணுங்கள். ஆபீஸ் விட்டு ரயிலுக்குப் போகிறவர்கள், காலேஜ் பசங்க, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்கள். பர்மா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். ஆரம்பத்தில் அந்த ருசி தெரிந்தவர்களுக்காகப் போட்ட கடை, தெரியாதவர்கள் வந்து நின்றதால்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. நீங்கள் போகிற ஊரில் நீங்கள்தான் அந்த பர்மாக்காரர். நம்ம சாமான் யாருக்கு முதலில் வேண்டும், அப்புறம் யார் கைக்குப் போகும் என்ற இரண்டு கேள்வியையும் அந்த வண்டி பக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் இருந்தால் கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், எம்.சி. ரோட்டில் புடவை என்று மொத்த விலை விசாரித்து ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள். அங்கே போனபின் ஒரு பொருளைப் பார்த்து “இது நம்ம ஊரில் எவ்வளவு?” என்று தோன்றும்போது அந்தப் பேப்பர் பேசும். குத்துமதிப்பாகச் சொல்கிற விலையில் கணக்குப் போட்டவர்கள் தேறியதை நான் பார்த்ததில்லை.

முதல் 90 நாள்: நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனிலும் எழுதலாம், ஆனால் போனில் எழுதினதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புது ஊரில் முதல் மூன்று மாதம் எல்லாமே உறுத்தும். அப்புறம் கண் பழகிவிடும். பத்து வருஷமாக அங்கே இருக்கும் அண்ணனிடம் “இங்க இன்னாண்ணா குறை?” என்று கேளுங்கள். “ஒண்ணும் இல்லடா, எல்லாம் கிடைக்குது” என்பார். உண்மையில் கிடைக்காததை எல்லாம் அவர் மறந்திருப்பார், அவ்வளவுதான்.

தினமும் ராத்திரி நாலு விஷயம் எழுதினால் போதும். இன்றைக்கு எதைத் தேடி அலைந்தேன். எதற்குக் கொடுத்த காசு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்கே வரிசையில் நின்றேன், எவ்வளவு நேரம். எதற்காக இன்னொருவரைக் கெஞ்சினேன்.

என் நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் மாதத்தில் எழுதினது இப்படி: “கவரால் (வேலைக்குப் போடும் முழு உடுப்பு) கால் நீளம் அதிகம். மடித்துத் தைக்க டைலர் தேடி இரண்டு பஸ். தையல் கூலி 10 திர்ஹாம், பஸ்ஸுக்கு அதைவிட அதிகம்.” “சலூனில் ஒன்றேகால் மணி நேரம். வெள்ளிக்கிழமை.” “சம்பள நாள். பணம் அனுப்புற இடத்தில் வரிசை ரோடு வரை.” “பக்கத்து ரூம் திருச்சி அண்ணன், டிகிரி சர்டிபிகேட்டை ஊருக்கு அனுப்ப ஆள் தேடுகிறார். மூணாவது வாரம்.”

கடைசி வரியை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவரால் சமாச்சாரம்தான் பெரிய வாய்ப்பு என்று தோன்றியது. எங்கள் கேம்பில், அதாவது தொழிலாளர் விடுதியில், தையல் தெரிந்த ஒரு ராம்நாடு அண்ணன் இருந்தார். மெஷின் வாங்கி ரூமிலேயே போட்டுவிடலாமா என்று பேசினோம். ரூமில் அப்படித் தொழில் செய்ய முடியாது என்று விடுதியைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸ் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நல்லவேளை, மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

எழுதும்போது கிழமையையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நான் இருந்தபோது அங்கே லீவு வெள்ளிக்கிழமை. 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நம்பி இருந்த சலூன்களும் மெஸ்களும் தங்கள் வாரத்தையே திருப்பிப் போட வேண்டியிருந்தது. அதே மாதிரி அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அந்த இரண்டரை மணி நேரம் ஆயிரக்கணக்கானவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அப்போது என்ன வேண்டியிருக்கிறது? நான் பதில் சொல்லப்போவதில்லை, போய்ப் பாருங்கள்.

கருவாட்டுக் கணக்கு

இனி என் சொந்தச் சொதப்பல். நோட்டில் அடிக்கடி வந்த வார்த்தை கருவாடு. காசிமேட்டுக் காற்றைக் குடித்து வளர்ந்தவனுக்கு நெத்திலிக் கருவாடு இல்லாமல் ஆறு மாதம் என்பது தண்டனை. எனக்கு இப்படி இருந்தால் கேம்பில் உள்ள நூற்றுக்கணக்கான தமிழர்களுக்கும் இருக்கும் என்று நினைத்தேன். லீவில் வந்தபோது பன்னிரண்டு கிலோ வாங்கி, காற்றுப் புகாமல் கட்டிக்கொண்டு போனேன்.

முதல் வாரம் அமோகம். போணி பண்ணினவரே இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது வாரம் ஒருவரும் வரவில்லை. ஏனென்றால் கால் கிலோ கருவாடு ஒரு ஆளுக்கு ஒன்றரை மாதம் வரும். அதைச் சமைத்த அன்று பொதுச் சமையலறையில் பக்கத்து அடுப்புக்காரர் சண்டைக்கு வந்தார், அவர் எகிப்துக்காரர், அவர் பக்கம் நியாயம் இருந்தது. சூப்பர்வைசர் காதுக்குப் போனது. மீதி ஏழு கிலோவை இலவசமாகக் கொடுக்கவும் ஆள் இல்லை. அதற்கு மேல், உணவுப்பொருளை இப்படிப் பெட்டியில் கொண்டுபோய் விற்பதே சட்டப்படி தப்பு. மாட்டாமல் போனது என் அதிர்ஷ்டம்.

எனக்கு ஏக்கமாக இருந்ததை ஊருக்கே தேவை என்று எண்ணியதுதான் பிசகு. அதற்கப்புறம் எந்த யோசனை வந்தாலும் மூன்று எண்களை எழுதாமல் அடுத்த பேச்சு பேசுவதில்லை: எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு பணம். இதைக் கண்டுபிடிக்கக் கேட்கிற கேள்வியும் முக்கியம். “இது கொண்டாந்தா வாங்குவீங்களா அண்ணா?” என்று கேட்டால் நம்ம ஆட்கள் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லவே மாட்டார்கள். “போன மாசம் இதுக்கு எவ்ளோ செலவு பண்ணீங்க? எங்க வாங்குனீங்க?” என்று கேளுங்கள். போன மாதம் ஒரு காசு செலவு பண்ணாதவர் அடுத்த மாதமும் பண்ண மாட்டார்.

பெட்டி சொல்லும் சங்கதி

மற்றவர்கள் ஊரிலிருந்து என்ன கொண்டுவருகிறார்கள், யாராவது லீவுக்குக் கிளம்பினால் “வரும்போது எனக்கு இதை மட்டும் வாங்கிட்டு வா” என்று என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சர்வே இல்லை. என் தராசில் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஏறுகிறவை: குக்கர் கேஸ்கட், நம்ம ஊர் மிக்ஸிக்கான ஜார், பவர் மாற்றின மூக்குக்கண்ணாடி, அளவு பிளவுஸ் கொடுத்துத் தைத்த பிளவுஸ்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடப் புத்தகம், தினசரி காலண்டர். சின்னச் சாமான், அங்கே கடை இருந்தாலும் சரியான மாடல் இருக்காது, இல்லாவிட்டால் அன்றாட வேலை நிற்கும். கேஸ்கட் இல்லாத குக்கர் வெறும் பாத்திரம்.

அந்தப் பையன் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலத்தை நானே எடுத்து வெளியே வைத்தேன். கசகசா. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான். அமீரகம், சவூதி, சிங்கப்பூர் போன்ற இடங்களில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தெரியாமல் கொண்டுபோனேன் என்றால் கேட்க மாட்டார்கள். வலி மாத்திரைகள், இருமல் மருந்துகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு அட்டைகூட வேண்டாம், மற்றவர்களுக்காகக் கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொன்று, மண்ணடிப் பக்கம் யாராவது “டிக்கெட் நாங்க போடுறோம், இந்தப் பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போ” என்று குருவி வேலைக்குக் கூப்பிடுவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், மாட்டும்போது நிற்பது நீங்கள். இதை வியாபாரக் கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை.

விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். வாய்ப்பு கண்ணில் பட்டதும் முதலில் எடுக்க வேண்டியது பாஸ்போர்ட். நீங்கள் அங்கே எந்த உரிமையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே வேலை ஒருவருக்குத் தொழில், இன்னொருவருக்குக் குற்றம்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் பெர்மிட்டில் பெயர் உள்ள முதலாளிக்குத்தான் வேலை செய்யலாம். சொந்தத் தொழில் நடத்தக் கூடாது என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நண்பன் கடையில் கல்லாவில் உட்கார்வதுகூட ஆபத்து. வெளிநாட்டுக்காரர் அங்கே கம்பெனி பதிவு செய்யலாம், ஆனால் அங்கேயே வசிக்கும் ஒரு இயக்குநராவது இருக்க வேண்டும். மலேசியாவில் தனிநபர் கடைப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டும்தான். வெளியாள் என்றால் சென்டிரியான் பெர்ஹாட் (நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி) கம்பெனியாகத்தான் போக முடியும். உள்ளூர்க்காரர் பெயரில் லைசன்ஸ் எடுத்து வேறொருவர் நடத்துவதற்கு அங்கே ‘அலிபாபா’ என்றே பெயர் இருக்கிறது. பெயர் வேடிக்கையாக இருந்தாலும், சண்டை வந்தால் காகிதத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் கடை.

சவூதியில் இது இன்னும் கடுமை. கஃபீல் (விசா ஸ்பான்சரான உள்ளூர்க்காரர்) பெயரில் கடை, நடத்துவது நீங்கள், மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை என்ற ஏற்பாட்டுக்கு எதிராகவே 2020-ல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். அந்தக் காலத்தில் மாமா இப்படித்தான் சம்பாதித்தார் என்று யாராவது சொன்னால், மாமா காலம் வேறு.

அமீரகத்தில் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. ஜெபல் அலி ஃப்ரீ சோன் 1985-லேயே வந்தது, அந்த வளாகங்களுக்குள் வெளிநாட்டுக்காரர் முழு உரிமையோடு கம்பெனி வைக்கலாம். வெளியே ஊருக்குள் கடை என்றால் பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர் பெயரில் இருக்க வேண்டியிருந்தது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் லைசன்ஸ் கட்டணம் உண்டு, 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 2018 முதல் உண்டு. வேலை விசாவில் இருப்பவர் வேறு இடத்தில் பகுதி நேரமாக வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும். ஆன்லைனில் விற்றாலும் லைசன்ஸ் வேண்டும். ரூமில் சமைத்து வாட்ஸ்அப் குரூப்பில் பிரியாணி விற்பது எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். எல்லாரையும் பிடிப்பதில்லை, பிடிபட்டவரை ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள்: ஸ்டூடன்ட் விசாவில் சொந்தத் தொழில் கூடாது, டிகிரி மாணவர்களுக்குப் பாட நாட்களில் வாரம் 20 மணி நேர வேலைதான். டெலிவரி ஆப்பில் அடுத்தவர் அக்கவுண்டில் ஓட்டுவது தொழில் வாய்ப்பு கிடையாது, நாடு கடத்தும் வாய்ப்பு.

விதிகள் மாறும். நான் எழுதினதை நம்பிக் காசு போட வேண்டாம். அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் உங்கள் விசாவின் பெயரைப் போட்டுப் படித்துவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஊர்ப்பக்கம் இருக்கும் பாதி

இவ்வளவு தடை இருந்தால் நோட்டு எதற்கு என்று கேட்கலாம். அங்கே கண்ணில் படுகிற குறைகளில் கணிசமானவற்றுக்குத் தீர்வு ஊர்ப்பக்கம் இருக்கிறது. அதை நம் ஊரில், நம் சட்டப்படி, வீட்டில் உள்ள ஒருவர் செய்யலாம்.

திருச்சி அண்ணன் சர்டிபிகேட் கதைக்கு வருகிறேன். டிகிரி சான்றிதழை அங்கே ஏற்றுக்கொள்ள, முதலில் மாநில அரசு முத்திரை, அப்புறம் வெளியுறவுத் துறை, அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். அண்ணன் அங்கே, சான்றிதழ் ஊரில், அலையப் பெற்றோருக்குத் தெம்பில்லை. ஒரு மாதத்தில் இதே புலம்பலை ஆறு பேரிடம் கேட்டேன். அந்த ஆறு பேரும் யாரிடமோ ஏற்கெனவே காசு கொடுத்திருந்தார்கள், கருவாட்டுக் கணக்கில் இடறின அதே கேள்விக்கு இங்கே நல்ல பதில். வீட்டுக்காரி ஊரில் இருந்தாள். மூன்று சான்றிதழை அவளே எடுத்துக்கொண்டு அலைந்து முடித்தாள். எந்த கவுண்டர் எப்போது திறக்கும், எந்த நகலுக்கு என்ன முத்திரை என்று அவள் ஒரு நோட்டு போட்டாள். நான் திரும்பி வந்தபோது அந்த நோட்டுதான் எங்கள் மூலதனம்.

அதிலும் ஒரு பள்ளம் வந்தது. சவூதி 2022 டிசம்பரில், ஒரு நாட்டு முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்தது. தூதரக முத்திரை தேவையில்லாமல் போனது. எங்கள் வரவில் நல்ல பங்கு சவூதிக்குப் போகிறவர்களுடையது, ஆறு மாதத்தில் சுருங்கியது. அதற்கப்புறம்தான் பேக்கிங்கையும் கார்கோவையும் முன்னால் கொண்டுவந்தோம். அரசாங்கக் கெடுபிடியை நம்பி நடக்கும் தொழிலில் இந்த இடர் எப்போதும் உண்டு.

பொருள் அனுப்புவதென்றால் இந்தியாவில் ஏற்றுமதிக்கு ஐஇசி எண் (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு) வேண்டும். ஆன்லைனிலேயே எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய், பான் கார்டும் வங்கிக் கணக்கும் போதும். ஏஜென்டுக்கு ஐயாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. உணவுப்பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் தனி. வளைகுடாவுக்குப் போகும் உணவில் அரபியில் லேபிள் வேண்டும், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பொடிக்காரர்கள் பலர் தேதியை ரப்பர் ஸ்டாம்பில் குத்துவார்கள், வேர்த்த கையில் பிடித்தால் அழிந்துவிடும். அந்த மாதிரி சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். முதல் தடவை கன்டெய்னர் பேச்சே எடுக்காதீர்கள். ஐந்து கிலோ கூரியரில் போகட்டும், காசு திரும்பி வரட்டும், மறுபடி கேட்கட்டும். மறுபடி கேட்டால்தான் கணக்கில் சேர்த்தி.

நம்ம ஆட்கள், மற்ற ஆட்கள்

முதல் வாடிக்கை நம்ம ஆட்களிடம்தான் கிடைக்கும். அதில் ஒரு கஷ்டம், பற்று. “சம்பளம் வந்ததும் தரேன் தம்பி” என்பார்கள். தருவார்கள்தான், ஆனால் ஊருக்கு அனுப்பினது போக மிச்சம் இருந்தால். ஊர்க்காரர், மாமா முறை என்று ஆகிவிட்டால் கேட்கவும் நாக்கு வராது. பற்று கொடுப்பதென்றால் எவ்வளவு வரை என்று ஆரம்பத்திலேயே ஒரு கோடு போடுங்கள்.

வளைகுடாவில் மலையாளிகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்கள் நடத்தும் கஃபட்டீரியா ஒன்றில் சாயங்காலம் நின்றால், கார் ஹாரன் அடிப்பார்கள், பையன் ஓடிப்போய் கரக் டீ கொடுப்பான். காருக்குள் இருப்பது அரபிக் குடும்பம். ஏலக்காய் போட்டுக் காய்ச்சின நம்ம பக்கத்து டீ, இன்று அந்த ஊர்க்காரர்களின் பானமாகவே ஆகிவிட்டது. பீச் ஸ்டேஷன் அத்தோ மாதிரியே. அந்த ஊர் பாஷையில் எண்களையும் நலம் விசாரிப்பதையும் மட்டுமாவது முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள். விலை பேசத் தெரியாதவனுக்கு மற்ற ஆட்கள் வாடிக்கை ஆக மாட்டார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக

உண்டியலில், அதாவது வங்கியை விட்டுக் கள்ளத்தனமாக, பணம் அனுப்பாதீர்கள், ரேட் இரண்டு ரூபாய் அதிகம் என்றாலும். நாளைக்குத் தொழில் என்று வங்கிக்குப் போனால் கணக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ரூமில் சீட்டு நடத்தாதீர்கள், சிங்கப்பூரில் சீட்டுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்க ஆரம்பித்ததும் இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வரவுக்கான) கணக்காக மாற்ற வேண்டும், அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. கூட்டு என்றால் மச்சானாக இருந்தாலும் எழுத்தில் போடுங்கள். அவ்வளவுதான்.

அந்தப் பையன் கடைசியில் 29.4 கிலோவில் கிளம்பினான். குக்கர் அவனோடு போனது, காலண்டர் இங்கேயே நின்றுவிட்டது, அம்மாவுக்கு அதில் வருத்தம். முதல் சம்பளம் வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, எது கிடைக்கவில்லை என்று மட்டும் எழுது என்று சொல்லியிருந்தேன். போன வாரம் வந்தது: “ண்ணா, கேஸ்கட் ரெண்டுல ஒண்ணு பக்கத்து ரூம் அண்ணன் வாங்கிட்டாரு. காசு குத்தாரு. இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க.”

உங்கள் மாடியில் மொத்தம் எத்தனை குக்கர், எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர் என்று எண்ணி எழுது என்று பதில் போட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை லீவில் எண்ணுகிறேன் என்றிருக்கிறான்.